பழைய ஸ்வரப் புத்தகம் வாங்கும் முன் புள்ளியைப் பாருங்கள்

சங்கீதம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். ஸ்வரப்படுத்திய, அதாவது பாட்டை ச ரி க ம என்று ஸ்வர எழுத்துகளில் அச்சிட்ட, கீர்த்தனைப் புத்தகம் பழைய புத்தக விலைக்குக் கிடைத்தது என்று மாணவர்கள் ஆசையாகக் கொண்டுவந்து காட்டுவார்கள். சென்னையில் திருவல்லிக்கேணி நடைபாதை, லஸ் முனை, 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபின் கடைக்காரர்கள் குடிபோன அல்லிக்குளம் வளாகம் என்று தேடித்தேடி எடுத்திருப்பார்கள். இசை என்று தனி அடுக்கே இருக்காது. தேவாரத்துக்கும் ஜோதிடத்துக்கும் நடுவில்தான் கைவிட்டுத் துழாவ வேண்டும்.

எனக்குக் கவலை தருவது புள்ளிகள்தான். ஸ்வரத்தின் தலையில் புள்ளி இருந்தால் தாரஸ்தாயி, அதாவது மேல் ஸ்தாயி; காலடியில் இருந்தால் மந்திரஸ்தாயி, அதாவது கீழ் ஸ்தாயி. போன வருஷம் ஒரு மாணவி கீர்த்தனையின் கடைசிப் பகுதியான சரணம் முழுவதையும் தானாகவே பாடம் பண்ணிக்கொண்டு வந்தாள். மேல் ஷட்ஜத்துக்கு ('ச') ஏற வேண்டிய இடத்திலெல்லாம் சட்டென்று கீழே விழுந்தாள். புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அது ஜெராக்ஸ் எடுத்து பைண்ட் பண்ணிய பிரதி. தலைப்புள்ளிகளில் பாதி அதில் விழவே இல்லை. குழந்தை தப்பில்லாமல் படித்திருக்கிறாள், பிரதிதான் தப்பு. மனதில் பதிந்ததை மாற்ற இரண்டு மாதம் ஆனது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். பழைய காகிதத்தில் விழும் பழுப்புக் கறை, ஸ்வரத்துக்கு அடியில் அமைந்துவிட்டால் மந்திரஸ்தாயிப் புள்ளி மாதிரியே இருக்கும். பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அச்சுப் புள்ளி கறுப்பாக, ஓரம் தெளிவாக இருக்கும். கறையின் ஓரம் கலங்கிப் பரவியிருக்கும்.

அப்புறம், ஸ்வரங்களுக்கு மேலே ஓடும் கோடு. ஒரு கோடு இரண்டாம் காலம், அதாவது இரட்டை வேகம்; இரண்டு கோடு மூன்றாம் காலம், அதற்கும் இரட்டை வேகம். கடையில் நின்றபடியே ஓர் ஆவர்த்தனத்தை, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றை, தாளம் போட்டு எண்ணுங்கள். கணக்கு இடித்தால் கோடோ, ஸ்வரத்தை நீட்டச் சொல்லும் கார்வைக் குறியோ அச்சில் விட்டுப்போயிருக்கும்.

குறியீட்டு விளக்கப் பக்கம் இல்லாத புத்தகத்தை அரை விலைக்குத் தந்தாலும் யோசியுங்கள். சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து தெலுங்கில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற கீர்த்தனைத் தொகுப்பில் கமகங்களுக்கென்றே, அதாவது ஸ்வரத்தை அசைத்தும் இழைத்தும் பாடும் விதங்களுக்கென்றே, தனிக் குறிகள் உண்டு. பிற்பாடு சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழில் பாகம் பாகமாகக் கொண்டுவந்தது. விளக்கப் பக்கங்கள் இல்லாமல் ஒற்றைப் பாகம் மட்டும் கிடைத்தால், கமகம் தெரியாத வெறும் ஸ்வரம்தான் மிஞ்சும்.

வாங்கிய பிறகு கிழிசலில் செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துப் பெயர்த்துவிடும்.

பென்சில் கிறுக்கலை அழித்துச் சுத்தம் பண்ணுகிறார்கள், அதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. என்னிடம் உள்ள ஒரு பழைய புத்தகத்தில், தோடி ராகக் கீர்த்தனையில், காந்தார ஸ்வரத்துக்கு அச்சில் வெறும் 'க' என்றுதான் இருக்கிறது. அதன்மேல் யாரோ பென்சிலால் ஓர் அலை வரைந்து, "இங்கே நிற்காதே, அசை" என்று எழுதியிருக்கிறார்கள். தோடிக் காந்தாரம் எடுக்கும்போது இன்றைக்கும் நான் பிள்ளைகளுக்குக் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.