அலமாரியில் தூங்கும் பிரேஸ்

பாதத் தொய்வு, அதாவது முன்பாதத்தை மேலே தூக்க முடியாத பலவீனம், உள்ளவர் அறைக்குள் வருவதற்கு முன்பே அவருடைய நடைச் சத்தம் என்னிடம் வந்துவிடும். குதிகால் பட்ட மறு நொடி, முன்பாதம் தரையில் ‘டப்’ என்று அடிக்கும். பலவீனம் கூடினால் அந்த ‘டப்’பும் இருக்காது, விரல் நுனி தரையை இழுத்துக்கொண்டு வரும் உரசல்தான் கேட்கும். அவர் உட்கார்ந்ததும் ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்கு முன் ஷூவை வாங்கிக் கவிழ்த்துப் பார்ப்பேன். ஒரு ஷூ புதிதுபோல இருக்கும். மற்றதன் நுனி மட்டும் தேய்ந்து, உள்துணி தெரியும்.

“பிரேஸ் கொடுத்திருக்காங்களா?” என்று கேட்பேன். பாதம் தொங்காமல் கணுக்காலோடு சேர்த்துத் தாங்கிப் பிடிக்கும் கருவியைத்தான் சொல்கிறேன்.

“கொடுத்தாங்க மேடம். அலமாரியில இருக்கு.”

பிசியோதெரபிஸ்டாக இத்தனை வருடங்களில் இந்தப் பதிலை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அலமாரிக்குள் போன பிரேஸ்களில் பெரும்பாலானவை சின்னச் சின்னக் காரணங்களுக்காகத்தான் அங்கே போயிருக்கின்றன. அவற்றைச் சரிசெய்ய முடியும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, காலின் வெளிப்பக்கம் தடவிப் பாருங்கள். ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கான நரம்பு அந்த முண்டுக்குக் கீழேதான், தோலை ஒட்டி வளைந்து போகிறது. நாள்கணக்கில் படுக்கையில் அந்த இடம் அழுந்திக் கிடந்தாலோ, மாவுக்கட்டு இறுகினாலோ, கால்மேல் கால் போட்டு வெகுநேரம் உட்கார்ந்தாலோ அது நசுங்கலாம். கீழ்முதுகில் தண்டுவடத்திலிருந்து காலுக்குப் புறப்படும் எல்-5 என்ற நரம்பு வேர் அழுந்தினாலும் பாதம் தொங்கும். இவை பெரும்பாலும் ஒரு காலோடு நிற்கும். கில்லன்-பாரே (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்), சார்கோ-மேரி-டூத் (பரம்பரை நரம்பு நோய்), சர்க்கரை நோயின் நரம்புப் பாதிப்பு போன்றவற்றில் இரண்டு பாதங்களுமே தொங்கலாம். தொழுநோயிலும் இது வரும்.

“எப்போ சரியாகும்?” என்பது எல்லோருடைய கேள்வி. நரம்பின் மேலுறை மட்டும் பழுதாகியிருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பலம் திரும்பக்கூடும். உள்ளிழையே சிதைந்திருந்தால் அது ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மாதம் முழுக்கக் காத்திருந்தால் 3 சென்டிமீட்டர். கில்லன்-பாரே வந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் துணையில்லாமல் நடந்துவிடுகிறார்கள். ஆனால் உடம்பில் மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. அதனால் கையும் தொடையும் தேறிய பிறகும் பாதம் மட்டும் பின்தங்கி நிற்கும். சார்கோ-மேரி-டூத் பரம்பரையாக வருவது, மெல்ல மெல்லக் கூடுவது. அவர்களில் பலருக்கு பிரேஸ் வாழ்நாள் துணை.

அடுத்த கேள்வியும் வந்துவிடும்: “பிரேஸ் போட்டால் தசை சோம்பேறி ஆகிடாதா?” நரம்பிலிருந்து உத்தரவே வராத தசை, பிரேஸ் இல்லாமல் நடந்தாலும் வேலை செய்யப்போவதில்லை. அதற்குப் பதிலாக இடுப்பைத் தூக்கி, காலை வெளியே வீசி நடப்பீர்கள். சில மாதங்களில் முதுகும் நல்ல காலின் முட்டியும் வலிக்கத் தொடங்கும். நடுவே ஒரு முறை விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டால் எல்லாம் முதலிலிருந்து. பிரேஸ் போட்டவர் இன்னும் கொஞ்ச தூரம் நடப்பார், தொடையும் இடுப்பும் பலம் பிடிக்கும். பலம் திரும்பிக்கொண்டிருக்கிறது என்றால் வளைந்துகொடுக்கும் வகையைத் தேர்ந்தெடுப்போம். தினமும் அதைக் கழற்றிவைத்துக் கணுக்கால் பயிற்சியும் செய்யச் சொல்வோம்.

தசை சோம்பேறியாவதைவிட எனக்குப் பெரிய கவலை கெண்டைக்கால்தான். பாதத்தைத் தூக்க ஆளில்லாதபோது கெண்டைத்தசை கீழ்நோக்கி இழுத்து இழுத்துச் சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கினால் குதிகால் பிரேஸின் அடியில் உட்காராது. ஆகவே காலை நீட்டி, பாதத்தில் ஒரு துண்டை மாட்டி, தன் பக்கமாக இழுத்து 30 நொடி பிடிக்கும் அந்த எளிய பயிற்சியை ஒருநாளும் விடாதீர்கள்.

வகைகளை நீட்டி விளக்கப்போவதில்லை. பாதத்தைத் தூக்க மட்டும் முடியவில்லை என்றால் மெல்லிய பிளாஸ்டிக் பிரேஸே போதலாம். கெண்டைக்காலும் பலவீனமாகி முட்டி மடங்குகிறது என்றால் விறைப்பானது அல்லது கார்பன் ஃபைபர் தேவைப்படும். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கும் வடிவம் மாறிய பாதத்துக்கும் அளவெடுத்துச் செய்ததுதான் வேண்டும். இன்னொன்று: மின்தூண்டல் மூலம் பாதத்தைத் தூக்கும் கருவிகளை விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். அவை வேலை செய்யக் காலிலுள்ள நரம்பு உயிரோடிருக்க வேண்டும். பக்கவாதம் வந்த சிலருக்கு அவை நன்றாக உதவுகின்றன. கால் நரம்பே பழுதான நோய்களில் பெரும்பாலும் உதவாது. வாங்கிவிட்டு வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, முதல் இரண்டு வாரங்களுக்கு வருவோம். பிரேஸ் காலில் தங்குமா அலமாரிக்குப் போகுமா என்பது அங்கேதான் முடிவாகிறது.

முதல் நாளே காலையிலிருந்து இரவு வரை போடாதீர்கள். ஒரு மணி நேரம் போதும். கழற்றி, சாக்ஸையும் கழற்றி, தோலைப் பாருங்கள். கணுக்கால் முண்டுகள், குதிகால், சுண்டுவிரல் பக்கம், கெண்டைக்காலின் மேல்விளிம்பு. லேசான சிவப்பு 20, 30 நிமிடத்தில் மறைந்தால் மறுநாள் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டலாம். மறையவில்லை என்றால் அன்றோடு நிறுத்திவிட்டு, செய்துகொடுத்தவரிடம் எடுத்துப் போங்கள். சூடாக்கி ஓரிடத்தை வெளியே தள்ளுவது பெரும்பாலும் சில நிமிட வேலை.

கில்லன்-பாரே வந்து தேறிய ஓர் ஆசிரியை, “இது என் காலைக் கடிக்குது மேடம்” என்று பிரேஸைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். காலில் சுண்டுவிரல் ஓரம் நூல் பிடித்ததுபோல நேர்கோடாக ஒரு சிவப்பு. பிரேஸில் அந்த இடத்தில் விளிம்பே இல்லை. சாக்ஸை உள்பக்கம் திருப்பிப் பார்த்தோம், தடித்த தையல் ஒன்று அதே நீளத்துக்கு ஓடியது. பிரேஸின் மேல்விளிம்பைத் தாண்டும் உயரத்தில், தையல் தடிக்காத பருத்தி சாக்ஸ் மாற்றியதும் கடி நின்றது. மூன்று வாரம் அவர் நடக்காமல் இருந்ததற்குக் காரணம் அந்தத் தையல்தான்.

உணர்ச்சி மரத்தவர்களுக்கு வலி எச்சரிக்கை தராது. ஒருவர் நாள் முழுக்கப் போட்டுவிட்டு, ஒன்றுமே தெரியவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். ஷூவைக் கழற்றினால் உள்ளே ஒரு சட்டைப் பொத்தான். பாதத்தில் அதன் நான்கு துளைகளும் அச்சாகப் பதிந்திருந்தன. அவர் அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இவர்கள் ஷூவுக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகே காலை நுழைக்க வேண்டும். இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், அல்லது வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

போடும் முறையும் முக்கியம். உட்கார்ந்துகொண்டு, முட்டியை மடக்கி, குதிகாலை நன்றாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். கணுக்கால் பட்டை இருந்தால் அதைத்தான் முதலில் இறுக்க வேண்டும், அப்புறம் கெண்டைக்கால் பட்டை. பலர் மேல்பட்டையை மட்டும் இறுக்குகிறார்கள். குதிகால் ஒவ்வொரு அடிக்கும் எழும்பி எழும்பி உரசிப் புண்ணாகிறது, பழி பிரேஸ் மேல் விழுகிறது.

ஷூவும் பிரேஸின் ஒரு பகுதிதான். வாய் அகலமாகத் திறக்கும், கயிறோ வெல்க்ரோவோ உள்ள ஷூ வேண்டும். உள்ளே கழற்றக்கூடிய அட்டை இருந்தால் எடுத்துவிடுங்கள். அரை அளவோ ஒரு அளவோ பெரிதாகத் தேவைப்படலாம். குதி உயரம் மாறினால் முட்டி முன்னே தள்ளப்படும் அல்லது பின்னே போகும், எனவே உயரத்தை எங்களிடம் கேட்காமல் மாற்ற வேண்டாம். ஷூ இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் பிரேஸோடு டைல்ஸ் தரையில் நடந்தால் வழுக்கும். வலது காலில் பிரேஸ் போட்டவர்கள் பிரேக்கை அழுத்தும் திறனைப் பரிசோதிக்காமல் கார் ஓட்டக் கூடாது.

பாதத் தொய்வு திடீரென்று வந்தால் பிரேஸைப் பற்றி யோசிக்கும் நேரமில்லை. கூடவே முதுகுவலியும் சிறுநீர் போவதில் தடையும் தொடையிடுக்கில் மரப்பும் இருந்தால், அல்லது பலவீனம் சில நாட்களில் இரண்டு கால்களிலும் மேலேறி வந்தால், அல்லது முகம் கோணி, கையும் தளர்ந்தால் அதே மணி நேரத்தில் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

அந்த ஆசிரியை இன்னொன்றும் சொன்னார். சாக்ஸை மாற்றிய பிறகும் அவர் வகுப்புக்குள் பிரேஸோடு போகவில்லை, பிள்ளைகள் கேட்பார்களே என்று. பார்வைக்குப் பயந்து நடையை விட்டவர்கள், விழப் பயந்து விட்டவர்களைவிட அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருநாள் துணிந்து போட்டுக்கொண்டு போயிருக்கிறார். பிள்ளைகள் கேட்டார்கள். கழற்றிக் காட்டினாராம். அது கையிலிருந்து கைக்கு மாறிக் கடைசி வரிசைவரை போய்த் திரும்பியதாம்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒன்று இருந்தால், அடுத்த முறை வரும்போது எடுத்து வாருங்கள். போடவில்லை என்று யாரும் திட்டமாட்டோம். அதோடு நீங்கள் தினமும் போடும் ஷூவும், தோய்க்காததாக இருந்தாலும் பரவாயில்லை, அந்த சாக்ஸும் வேண்டும்.