பக்கத்து வீட்டு நாயைக் கடித்துவிட்டது: இனி என்ன செய்வது?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் நாய் வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் போன்களில் கேட்கவே சங்கடமானது ஒன்று உண்டு. “எங்க நாய் பக்கத்து வீட்டு நாயைக் குதறிடுச்சு டாக்டர்.” அதையடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். “ஊசி போட்டு முடிச்சிடலாமா?” இல்லையென்றால், “எஸ்டேட் பக்கம் எங்கயாவது கொண்டு போய் விட்டுடலாமா?” கேட்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று அழுதுகொண்டிருப்பார், பிள்ளைகள் பயந்துபோய் இருப்பார்கள், இவர்களுக்குக் கை நடுக்கமே நின்றிருக்காது. அன்று ராத்திரி இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தேடாதீர்கள் என்றுதான் சொல்வேன். நாயைத் தனி அறையில் விட்டுத் தண்ணீர் வைத்துக் கதவைச் சாத்துங்கள். அடிக்காதீர்கள். சண்டை முடிந்த பிறகும் அதன் உடம்பிலிருந்து பதற்றம் இறங்க ஓரிரு நாள்கூட ஆகும்.

முதல் வேலை கடிபட்ட நாய்தான். “ரெண்டு சின்ன ஓட்டைதான், மஞ்சள் வெச்சிருக்கோம்” என்று வீட்டிலேயே வைத்துக்கொள்பவர்கள் இங்கே நிறைய. அப்படி ஒரு பாமரேனியன் கலப்பு மறுநாள் என்னிடம் வந்தது. மேசைமேல் நின்று வாலைக்கூட ஆட்டியது. தோளுக்குப் பின்னால் அரிசி அளவில் இரண்டு ஓட்டை, அவ்வளவுதான். மயக்கம் கொடுத்து, முடியை மழித்து, மழுங்கிய கம்பி ஒன்றை ஓட்டைக்குள் விட்டேன். தோலுக்கு அடியில் தடையே இல்லாமல் விலா வரைக்கும் போனது. பெரிய நாய் சின்ன நாயைக் கவ்வி உதறும்போது தோல் பல்லோடு சேர்ந்து இழுபட்டு, அடியிலுள்ள சதையிலிருந்து பிரிந்துவிடும். உள்ளே சதை நசுங்கிக் கிடக்கும். மேலே ஓட்டை மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் சீழ் வைத்து, காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வருவார்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ கடி, அல்லது மூச்சு வாங்குகிறது என்றால் விடியும்வரை காத்திருக்கவே கூடாது.

பிரித்துவிடப் போன மனிதருக்கும் பாதி நேரம் கடி விழுந்திருக்கும். எல்லாரும் செய்வது கழுத்துப் பட்டையைப் பிடிப்பது, அங்கேதான் பல் இருக்கிறது. பக்கெட் தண்ணீர், கம்பளி, நடுவே நுழைக்க ஒரு பலகை, எது கைக்குக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தொடையருகே பிடித்துத் தூக்கிப் பின்னால் வாங்கலாம். ஆனால் கவ்விய பிடியை ஒரு நாய் விடாமல் இருக்கும்போது இழுத்தால் சதை கிழிந்துவிடும். பிடி தளர்ந்த பிறகுதான் இழுக்க வேண்டும். மனிதர்மேல் பல் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். “நம்ம வீட்டு நாய்தானே” என்ற பேச்சு இங்கே எடுபடாது. வெறிநாய்க்கடிக்கு மருந்து தரவென்றே 1907இல் பாஸ்டர் நிலையம் வந்த ஊர் குன்னூர். இந்த ஊரில் இருந்துகொண்டு நாம் அலட்சியமாக இருக்கக் கூடாது.

கடித்த நாயையும் பத்து நாள் கவனியுங்கள். இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று கண்டதையெல்லாம் கடிக்கிறது, எச்சில் ஒழுகுகிறது, தண்ணீர் விழுங்க முடியவில்லை, குரைக்கும் குரல் மாறிவிட்டது என்றால் கிட்டே போகாமல் உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். கடிபட்ட நாய்க்கும் வெறிநோய்த் தடுப்பூசி தவணை முறையில் போட வேண்டியிருக்கும்.

சரி, அந்த இரவு கடந்துவிட்டது. இனிதான் யோசிக்கும் வேலை.

நான் முதலில் கேட்பது, இது எப்போதிலிருந்து என்பதை. வயதான ஜெர்மன் ஷெப்பர்டு ஒன்று, எஸ்டேட் குவார்ட்டர்ஸில் எல்லா நாய்களோடும் வெயில் காய்ந்து படுத்துக்கிடந்த நாய், ஒரு டிசம்பர் மாதத்தில் பக்கத்தில் வரும் நாய்களையெல்லாம் பாய்ந்து கடிக்க ஆரம்பித்தது. “வயசானா கோபம் வருமோ டாக்டர்?” என்றார் வீட்டுக்காரர். படுத்திருந்ததை எழுப்பச் சொன்னேன். முன்னங்காலில் முழு பாரத்தையும் போட்டு, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டுதான் எழுந்தது. இடுப்பு மூட்டைத் தொட்டதும் தலை என் கையை நோக்கித் திரும்பியது. உறைபனிக் காலத்தில் மூட்டுவலி கூடியிருக்கிறது. விளையாட வந்த குட்டி மேலே மோதியதும் வலி. அதற்கப்புறம் எந்த நாய் வந்தாலும் முந்திக்கொண்டு கடி. வலிக்கு மருந்தும், ஈரத்தரையிலிருந்து எடுத்துப் படுக்க ஒரு சாக்கு மெத்தையும் கொடுத்த பிறகு சண்டை பெரும்பாலும் அடங்கியது. காதுப் புண், பல்வலி, கண்பார்வை மங்குவது, தைராய்டு, எதுவாகவும் இருக்கலாம். ராஜபாளையம் வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு காணப்படுவது உண்டு. எதிரே உள்ள நாய் உறுமி எச்சரிப்பதே அதற்குக் கேட்காது. அதனால் உடம்பைச் சோதிக்காமல் குணத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் பிடிவாதம்.

உடம்பில் ஒன்றுமில்லை என்றால், எப்படிக் கடிக்கிறது என்று பார்க்க வேண்டும். இயான் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் சொல்லித்தந்த கணக்கு ஒன்று எனக்கு மிகவும் உதவுகிறது: எத்தனை சண்டை போட்டது, அதில் எத்தனை முறை எதிர் நாயைத் தையல் போடத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது? இருபது சண்டை போட்டு ஒரு காயமும் இல்லை என்றால் அது வாய்ச் சவடால் நாய். சத்தம் காதைப் பிளக்கும், பல்லை அழுத்தாது. பழக்கினால் வழிக்கு வரும். இரண்டே சண்டை, இரண்டிலும் தையல் என்றால் கதை வேறு.

எனக்கு மிகவும் பயம் தருவது சத்தமே போடாத நாய். உறுமல் இல்லை, முடி சிலிர்ப்பதில்லை. பார்வை ஒரே இடத்தில் நிற்கும், உடம்பு தாழும், ஓடிப்போய் சின்ன நாயை முதுகில் கவ்வி உதறும். அது சண்டையே இல்லை, வேட்டை. பயிற்சி கொடுத்து இதை மாற்றிவிடலாம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்த நாயைக் காவலோடு வைத்துக்கொள்ளத்தான் முடியும்.

ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பெண் நாய்கள் அடித்துக்கொள்வதும் சுலபத்தில் தீராது. ஒன்றை வேறு நல்ல வீட்டுக்குக் கொடுப்பதுதான் இரண்டுக்குமே நிம்மதி என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதில் குற்றவுணர்வுக்கு இடமே இல்லை.

நடையில் கயிற்றோடு போகும்போது மட்டும் பாயும் நாய்கள்தான் அதிகம். அவற்றில் பெரும்பாலானவை பயந்த நாய்கள். இவற்றுக்கு மருந்து தூரம். எதிர் நாய் கண்ணில் படுகிறது, ஆனால் இன்னும் பதறவில்லை என்கிற தூரத்தில் நின்று, பார்த்த உடனே முட்டைத் துண்டோ கறித் துண்டோ வாயில் போட வேண்டும். அந்த நாய் மறைந்ததும் தீனியும் நின்றுவிட வேண்டும். வாரக்கணக்கில் செய்து, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சமவெளியில் மைதானத்தின் அந்த ஓரம் இந்த ஓரம் என்று நின்று இதைச் செய்துவிடலாம். நம் மலையில் அந்தத் தூரத்துக்கு எங்கே போவது? வீட்டுக்கு வீடு படிக்கட்டு. தேயிலைக்கு நடுவே ஒரு ஆள் போகும் ஒற்றையடிப் பாதை. வளைவு திரும்பினால் மூக்குக்கு முன்னால் இன்னொரு நாய், அதுவும் மூடுபனியில். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து விடிவதற்கு முன்னாலோ இருட்டிய பிறகோ கூட்டிக்கொண்டு போனால் சிறுத்தை, கரடி, காட்டுமாடு. சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அதனால் நான் சொல்வது: நன்றாக விடிந்த பிறகு, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் பரபரப்பு ஓய்ந்ததும், பார்வை நீளமாக ஓடும் தார்ச்சாலையில் போங்கள். படிக்கட்டுப் பாதையை விட்டுவிடுங்கள். திரும்பிப் போக வழி இருக்கும் இடமாகப் பாருங்கள். வெளியே கூட்டிப்போக முடியாத நாளில், அரிசி உமியில் தீனியை ஒளித்துவைத்துத் தேட விட்டாலே நாய் களைத்துத் தூங்கிவிடும்.

கடித்த வரலாறு உள்ள நாய்க்கு வாய்மூடி கட்டாயம். துணியில் வாயை இறுக்கிக் கட்டும் வகை ஊசி போடும் சில நிமிடத்துக்குத்தான். அதைக் கட்டி நடக்கவிட்டால் நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்க முடியாமல் சூடேறித் தவிக்கும். கூடை போல இருக்கும் வகையை வாங்குங்கள். முதல் நாளே மாட்டாதீர்கள். கூடையின் உள்பக்கம் கொஞ்சம் தயிர்சாதத்தைத் தடவி, உங்கள் கையில் பிடித்துக்கொண்டு சும்மா இருங்கள். அதுவே மூக்கை நுழைத்து நக்கட்டும். வாரைக் கட்டுவது அடுத்த வாரத்து வேலை. “வாயைக் கட்டுனா பாவமா இருக்கு” என்பார்கள். கடிக்க முடியாது என்று தெரிந்தால் கயிறு பிடித்திருக்கும் கை தளரும், அந்தத் தளர்வு நாய்க்கும் போய்ச் சேரும்.

கருத்தடை ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆண் நாய்கள் தமக்குள் மோதுவதையும் ஊர் சுற்றுவதையும் அது பலவற்றில் குறைக்கும். பயத்தால் கடிக்கும் நாயிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். அடிப்பதும், ஷாக் கொடுக்கும் பட்டை மாட்டுவதும் நிலைமையை மோசமாக்கும். உறுமினதற்கு அடி வாங்கிய நாய் அடுத்தமுறை உறுமாமலே கடிக்கும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவதும் அப்படித்தான். பதற்றம் மிகுந்த நாய்களுக்கு ஃப்ளூவாக்ஸிட்டின் போன்ற மாத்திரைகள் உண்டு, வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கவோ நிறுத்தவோ கூடாது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, “அப்போ வெச்சுக்கலாமா, வேண்டாமா?” என்பார்கள். நான் நாயைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்க்க ஆரம்பிப்பது இங்கேதான். கேட் பூட்டியே இருக்குமா? பால்காரர், காஸ் சிலிண்டர்காரர் வந்தால் யார் திறப்பார்கள்? பகலில் வீட்டில் இருப்பது யார்? அவரால் இந்த நாயைக் கயிற்றில் பிடித்து நிறுத்த முடியுமா? அன்பு எவ்வளவு என்று நான் கேட்பதே இல்லை, அது எல்லா வீட்டிலும் இருக்கிறது. இந்த ஏற்பாட்டை நாய் சாகும்வரை, பத்து வருஷமானாலும், ஒரு நாள் விடாமல் செய்ய ஆள் இருக்கிறதா என்பதில்தான் முடிவு இருக்கிறது. சத்தமில்லாமல் வேட்டையாடும் பெரிய நாய் ஒன்று எனக்குத் தெரிந்து இரட்டைக் கேட் போட்ட பங்களாவில் நிம்மதியாக வாழ்கிறது. அதே மாதிரி இன்னொரு நாய், வேலி இல்லாத வரிசை வீட்டில், அப்பா அம்மா இருவரும் கொழுந்து பறிக்கப் போய்விட்ட பகலில் பாட்டியின் காவலில் இருந்தது. இரண்டு சின்ன நாய்களைக் கொன்றது. வீட்டில் யாருமே கெட்டவர்கள் இல்லை. அந்த வீட்டால் முடியவில்லை.

முடியாது என்றால், வேறு வீட்டுக்குக் கொடுக்கலாம், நடந்த எல்லாக் கடியையும் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். மறைத்துக் கொடுத்தால் இன்னொரு தெருவின் நாய்களைக் காவு கொடுக்கிறீர்கள். எஸ்டேட்டிலோ காட்டோரத்திலோ இறக்கிவிட்டு வருவதை மட்டும் நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வளர்த்த பிராணியைப் பசியில் தவிக்க விட்டுப்போவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். அதைவிட, அந்த நாய்க்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பட்டினி கிடக்கும், மானைத் துரத்தும், சிறுத்தைக்கு இரையாகும். தடுப்பூசி போடாத நாய் கொண்டுபோகும் டிஸ்டெம்பர் நோய் முதுமலைக் காட்டின் செந்நாய்களுக்கும் ஒட்டக்கூடியது. அதற்குள் அது எத்தனை எஸ்டேட் நாய்களைக் கடித்திருக்கும்?

கடைசியாக, ஊசி. வலியைத் தேடிப் பார்த்தாயிற்று, மருந்து கொடுத்தாயிற்று, காவலோடு வைத்துக்கொள்ள ஆளில்லை, உண்மையைச் சொன்ன பிறகு வாங்கிக்கொள்ள யாருமில்லை, கடியோ உயிரைப் பறிக்கும் கடி. எல்லாம் ஒன்றுசேரும் வீடுகள் அரிது, ஆனால் இருக்கின்றன. அந்த இடத்தில் நான் ‘வேண்டாம்’ என்று சொல்வதில்லை. முதலில் மயக்கம் கொடுப்போம், நாய் தூங்கிவிடும். பிறகு ரத்தக் குழாயில் மருந்து. பிடித்த சாப்பாட்டைக் கொடுத்துக் கூட்டி வாருங்கள், கூடவே இருங்கள். அந்தக் குடும்பத்தைப் பார்த்து “வளர்க்கத் தெரியாதவங்க” என்று ஊரில் யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. நாய்க்குக் கடைசிவரை பொறுப்பேற்றவர்கள் அவர்கள்.

இன்னொன்று. எந்த முடிவை எடுத்தாலும், கடிபட்ட நாயின் வீட்டுக்கு நீங்களே போங்கள். தடுப்பூசி அட்டையைக் கையில் எடுத்துப்போய்க் காட்டுங்கள், சிகிச்சைச் செலவை அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், கேட்டுக்கும் வாய்மூடிக்கும் என்ன செய்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பத்து வீடு, ஒரே படிக்கட்டு. நாளைக் காலையும் அவர்கள் அதே படியில்தான் இறங்கி வர வேண்டும், தங்கள் நாயோடு.