18 அங்குலக் கவசம் 6 அங்குலமானது எப்படி?

பிரிட்டிஷ் கடற்படைக்காக 1891-இல் நீரில் இறக்கப்பட்ட ‘ராயல் சாவரின்’ போர்க்கப்பலின் பக்கவாட்டுக் கவசம் 18 அங்குலம்வரை தடித்திருந்தது. 1895-இல் இறங்கிய ‘மெஜஸ்டிக்’ கப்பலில் அது 9 அங்குலம். 1897-இல் இறங்கிய ‘கனோபஸ்’ கப்பலில் 6 அங்குலம்தான். பீரங்கிகள் வலுத்துவந்த காலத்தில் கவசம் மட்டும் இளைத்தது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எடை குறைவாக இருக்கவேண்டும் என்றே கனோபஸ் திட்டமிடப்பட்டது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் உலோகவியலில் இருக்கிறது.

கவசத் தகட்டிடம் நாம் எதிர்பார்ப்பவை ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு குணங்கள். கடினமான தகடு குண்டின் முனையை உடைக்கும், ஆனால் தானும் விரிசல்விடும். நெகிழ்வான தகடு சிதறாது, ஆனால் துளைபட்டுவிடும். 1876-இல் இத்தாலியின் லா ஸ்பெசியாவில் 100 டன் பீரங்கியால் சுட்டுப் பார்த்தபோது, நெகிழ்வான தேனிரும்பைக் குண்டு ஊடுருவியது. பிரான்ஸின் ஷ்னைடர் ஆலை தந்த எஃகு, குண்டை நிறுத்திவிட்டுத் தானும் நொறுங்கியது. எஃகு முகத்தைத் தேனிரும்பு முதுகோடு ஒட்டவைத்து ஆங்கிலேயர் கலப்புக் கவசம் செய்தனர். அடி பலமாக விழுந்தால் ஒட்டிய இடத்திலேயே முகம் பெயர்ந்தது.

ஒட்டே இல்லாமல் ஒரே தகட்டுக்கு இரு குணங்களையும் கொடுத்தவர் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஹேவர்ட் ஹார்வி. தகட்டின் முகத்தில் கரியை அழுத்திப் பரப்பி, ஏறக்குறைய 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு மூன்று வாரங்கள் உலையில் வைத்திருப்பார்கள். எஃகு உருகுவதில்லை, ஆனால் இரும்பு அணுக்களின் அடுக்குக்கு நடுவேயுள்ள சந்துகளின் வழியே சின்னஞ்சிறு கார்பன் அணுக்கள் தாவித் தாவி உள்ளே இறங்குகின்றன. அவை நேராகப் போவதில்லை, முன்னும் பின்னுமாக அலைந்தே நகர்கின்றன என்பதால், இரண்டு மடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு நேரம் பிடிக்கிறது. ஓர் அங்குலம் இறங்க வாரக்கணக்காவது இதனால்தான். மேற்பரப்பில் சுமார் 1 சதவீதமாக இருக்கும் கார்பன் உள்ளே போகப்போகக் குறைகிறது. முகம் எங்கே முடிந்து முதுகு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. பிறகு பெயர்ந்து விழ இடமேது?

அடுத்து, பழுக்கக் காய்ந்த தகட்டைச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். மெல்ல ஆறினால் கார்பன் அணுக்கள் விலகி ஒதுங்கிக்கொள்ளும். திடீரென்று ஆறும்போது அவகாசமில்லாமல் அடுக்குக்குள்ளேயே சிக்கி அதைத் திரித்துவிடும். திரிந்த அடுக்குகளால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முடியாது. கடினம் என்று நாம் சொல்வது இந்த வழுக்காமையைத்தான். கொல்லர் அரிவாளுக்குத் துவைச்சல் கொடுப்பதும் இதே காரியம். கார்பன் குறைந்த முதுகோ, அதே குளிர்ச்சியைப் பெற்றும் நெகிழ்வாகவே நிற்கும். கெட்டிப்பட்ட முகத்தில் துளையிட முடியாது என்பதால் போல்ட்டுகளை முதுகுப் பக்கத்திலிருந்தே முறுக்கினார்கள்.

இவையெல்லாம் சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டவை. 1890-இல் அமெரிக்கக் கடற்படை அன்னபோலிஸில் விலையுயர்ந்த தகடுகளை வரிசையாக நிறுத்திச் சுட்டபோதுதான், கலப்புக் கவசத்தைவிட நிக்கல் சேர்த்த எஃகு மேலானது என்பது ஐயமறத் தெரிந்தது. என்ன விளைவு கிடைக்கும் என்று விண்ணப்பத்திலேயே எழுதித் தந்தால்தான் ஆராய்ச்சிக்கு நிதி என்னும் இன்றைய வழக்கம் அன்று இருந்திருந்தால், அந்தத் தகடுகள் உடையாமல் கிடங்கில் பத்திரமாக இருந்திருக்கும்.

ஜெர்மனியின் எஸ்ஸென் நகரிலிருந்த க்ரூப் ஆலை நிக்கலோடு குரோமியத்தையும் சேர்த்தது. குரோமியம் இருந்தால் எஃகு சற்று மெதுவாக ஆறினாலும் கெட்டிப்படும். ஆகவே கடினம் தடிமனில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குவரை இறங்கியது. 15 அங்குலத் தேனிரும்பின் வேலையை 7.5 அங்குல ஹார்வித் தகடும் 5.75 அங்குல க்ரூப் தகடும் செய்தன. 1905-இல் ரஷ்யாவுடன் நடந்த சுஷிமா கடற்போரில் முப்பதுக்கும் மேற்பட்ட குண்டுகள் தாக்கியும் தாக்குப்பிடித்த ஜப்பானின் ‘மிகாசா’ அணிந்திருந்தது 9 அங்குல க்ரூப் கவசம்.

குண்டு செய்பவர்களும் சும்மா இருக்கவில்லை. ரஷ்யக் கடற்படையின் ஸ்தெபான் மகாரோவ், குண்டின் கூர்முனைக்கு மென்மையான இரும்பால் ஒரு தொப்பி மாட்டினார். மோதும் கணத்தில் அந்தத் தொப்பி நசுங்கி முனையைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொள்வதால், முனை உடையாமல் கடின முகத்தைக் கடந்துவிடும். மகாரோவ் இறந்தது குண்டடியில் அன்று. 1904-இல் சீனக் கரையில் ரஷ்யாவின் கடற்படைத் தளமாயிருந்த போர்ட் ஆர்தருக்கு வெளியே அவருடைய கப்பல், கவசம் எட்டாத ஆழத்தில் கண்ணிவெடியில் சிக்கியது. தொப்பி போட்ட குண்டுகளும் பெருத்த பீரங்கிகளும் சேர்ந்துகொள்ள, கவசம் மறுபடி தடிக்கத் தொடங்கியது: 1906-இன் ‘ட்ரெட்நாட்’ கப்பலில் 11 அங்குலம், 1913-இல் நீரில் இறங்கிய ‘குயீன் எலிசபெத்’ கப்பலில் 13.