பேராசிரியர் பணி: தகுதி இருந்தும் விண்ணப்பம் எங்கே சிக்குகிறது?

சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாலும், ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக அரசுக் கல்லூரிக்குப் போனாலும், கலை அறிவியல் பாடங்களுக்கு அடிப்படை யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 ஒழுங்குமுறைதான். பொறியியலுக்கு ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி. அது தனிக் கணக்கு.

உதவிப் பேராசிரியருக்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். கூடவே நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி. 2023 ஜூலை முதல் இதுதான் குறைந்தபட்சத் தகுதி. முனைவர் பட்டம் கட்டாயமில்லை. பட்டியல் சாதி, பழங்குடியினர், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவு) வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 50 சதவீதம் போதும். ஆனால் கருணை மதிப்பெண்ணால் 50-ஐத் தொட்டிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. தமிழ்நாடு செட்டை வைத்துக்கொண்டு பெங்களூருவில் விண்ணப்பிப்பதும் வீண்; அது இந்த மாநிலத்துக்கு மட்டுமே.

இணைப் பேராசிரியருக்கு முனைவர் பட்டம், 8 ஆண்டு அனுபவம், 7 ஆய்வுக் கட்டுரை, ஆய்வு மதிப்பெண் (கட்டுரை, நூல் போன்ற ஆய்வுப் பணிகளுக்குத் தரும் புள்ளி) 75. பேராசிரியருக்கு 10 ஆண்டு, 10 கட்டுரை, 120.

பலர் கவிழ்வது இந்த 75, 120-இல்தான். கலைப் பாடத்தில் ஒரு கட்டுரைக்கு அடிப்படையாக 10, அறிவியலில் 8. இருவர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். இருவருக்கு மேல் போனால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்குத் தலா 30 சதவீதம். அதாவது வரலாற்றுத் துறைக் கட்டுரையில் மூன்றாவது பெயராக நின்றவருக்கு 3. கட்டுரையாகவே எழுதிக் குவித்து 120 சேர்த்தாலும் செல்லாது: நூல், ஆய்வு வழிகாட்டல், காப்புரிமை என ஆறு வகைகளில் மூன்றிலிருந்தாவது மதிப்பெண் வர வேண்டும்.

அடுத்தது அனுபவம். ஒருவர் கௌரவ விரிவுரையாளராகப் பத்தாண்டு பாடம் நடத்தியிருப்பார். பெரும்பாலும் ஒரு நாள்கூடக் கணக்கில் ஏறாது. தற்காலிகப் பணி அனுபவமாகக் கணக்கில் சேர, அப்போதே முழுத் தகுதி இருந்திருக்க வேண்டும், தேர்வுக் குழு வழியாக நியமனம் நடந்திருக்க வேண்டும், மொத்தச் சம்பளம் நிரந்தர உதவிப் பேராசிரியருடையதைவிடக் குறைந்திருக்கக் கூடாது. மூன்றாவது நிபந்தனையில்தான் அநேகமாக எல்லோரும் விழுகிறார்கள். வேலைசெய்தவரின் குற்றமல்ல, ஆனாலும் விதி அப்படி. விடுப்பு எடுத்து முனைவர் பட்டம் முடித்த காலமும் கழியும். விடுப்பின்றிப் பாடம் நடத்திக்கொண்டே முடித்திருந்தால் சேரும். அதனால் அனுபவச் சான்றிதழில் ஊதியம், நியமன முறை, விடுப்பு விவரம் மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

பணிச்சுமை: உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடி வகுப்பு, மற்ற இருவருக்கும் 14. ஒரே சமயத்தில் வழிகாட்டக்கூடிய முனைவர் பட்ட மாணவர்கள் முறையே 4, 6, 8 பேர். எம்ஃபில் பேச்சே இல்லை; யுஜிசியின் 2022 முனைவர் பட்ட விதியோடு அது நின்றுவிட்டது.