அது ஒருதலைக் காதல் இல்லைங்க

கல்யாணப் பத்திரிகையோடு இன்னொரு குடும்பம் வந்துவிட்டுப் போனது. "தேதி குறிச்சாச்சு டாக்டர். மாத்திரை போட்டா தூங்கித் தூங்கி விழறா. முகூர்த்தம் வரைக்கும் நிறுத்திக்கலாங்களா?" கோத்தகிரிப் பக்கம் மனநல மருத்துவம் பார்க்கிற எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

பெண்ணுக்கு மனச்சிதைவு. ஒரு பஸ் கண்டக்டர் தன்னைக் காதலிப்பதாக நம்புகிறாள் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). அவர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறாள். அதிலுள்ள எண்கள் அவளுக்கு வந்த கடிதமாம். ரெண்டு விசில் அடித்தால் நமக்கு 'போலாம் ரைட்'. அவளுக்கு 'சாப்பிட்டியா?'

வீட்டார் இதை ஒருதலைக் காதல் என்கிறார்கள். ஒருதலையாய்க் காதலிக்கிறவனுக்கு, அவள் தன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று தெரியும், அதனால்தான் அழுகிறான். இங்கே கதையே தலைகீழ். "அவர்தான் முதல்ல ஆசைப்பட்டாரு, நான் என் பாட்டுக்கு இருந்தேன்" என்பாள். மறுத்தால் அதுவும் சாட்சி. இந்த வீட்டார் கண்டக்டரையே அழைத்து வந்து, "தங்கச்சி, எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு" என்று சொல்ல வைத்தார்கள். அவர் போனதும் சிரித்தாளாம்: "நீங்க எல்லாரும் சுத்தி நிக்கறீங்க, வேற எப்படிச் சொல்லுவாரு?" அவர் குன்னூர் ரூட்டுக்கு மாறியதும்கூட ஊர் வாய்க்குப் பயந்துதானாம்.

வெறும் ஆசை என்றால் வேறொருவரைக் கட்டிவைத்து மறக்கடிக்கப் பார்க்கலாம். அசைக்க முடியாத நம்பிக்கைக்கு மாப்பிள்ளை எதற்கு? தாலி கட்டியவனை 'எங்களைப் பிரிக்க வந்தவன்' என்று பார்ப்பாள்; அவன் கொடுக்கிற காபியைக்கூடக் குடிக்க மாட்டாள். பத்திரிகை அடித்திருந்தாலும் தள்ளிவையுங்கள். நோய் கட்டுக்குள் வந்த பிறகு, விவரம் தெரிந்து சம்மதிக்கிற மாப்பிள்ளையோடு நன்றாகவே வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பிரெஞ்சு மருத்துவர் க்ளெராம்போ 1921இல் விவரித்த ஒரு பெண், இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தன்னைக் காதலிப்பதாக நம்பினாள். அரண்மனை ஜன்னல் திரை அசைந்தால் அவளுக்குச் சைகை. எங்கள் ஓ.பி.யில் இந்த நம்பிக்கை மட்டும் தனியாக வருவது குறைவு. துருவிக் கேட்டால் காதில் குரல், வீட்டார் மேல் சந்தேகம் எல்லாம் வெளியே வரும். ஆண்களுக்கும் உண்டு. அவர்கள் வருவதற்குள் அடிதடி, போலீஸ் எல்லாம் முடிந்திருக்கும்.

வாதாடாதீர்கள். 'ஆமாம்மா' என்று தலையாட்டவும் வேண்டாம். "உனக்கு அப்படித் தோணுது, எனக்குத் தோணலை. ராத்திரி தூங்குனியா?" என்று பேச்சை நகர்த்துங்கள். அந்த ஆளைத் தயவுசெய்து வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். அந்த ஆளே நீங்கள் என்றால், ஒரே முறை தெளிவாக மறுத்துவிட்டு அவர்கள் வீட்டாரிடம் சொல்லுங்கள். இரக்கப்பட்டு போனில் பேச்சுக் கொடுக்காதீர்கள். பின்தொடர்ந்தால், மிரட்டினால், போலீசிடம் போகத் தயங்க வேண்டாம்.

மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். நம்பிக்கை உடனே போகாது, முதலில் பரபரப்பு அடங்கும். தூக்கம் அதிகமா? இந்நோய்க்குக் கொடுக்கிற ரிஸ்பெரிடோன் மாத்திரை சாப்பிட்டு மாதவிலக்கு தள்ளிப்போகிறதா? (இதற்கு வீட்டில் கிளம்பும் வதந்திகளை எழுதினால் தனிக் கட்டுரையாகும்.) நீங்களாக நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள்; அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். தினமும் விழுங்க அடம்பிடித்தால் இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடுகிற ஊசி இருக்கிறது. ஐப்பசி மழையில் மண் சரிந்து பஸ் நின்றுவிடும், முன்கூட்டியே மாத்திரை வாங்கி வையுங்கள். நடுராத்திரியில் கை பிசைந்துகொண்டு நிற்க வேண்டாம், அரசின் மனநல உதவி போன் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.