செவுள் சிவப்பு, ஐஸ் வெறுப்பு

மீன்கடையில் விலை கேட்பதற்கு முன்பே நம் விரல் செவுளைத் தூக்கிவிடும். சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிந்து புடைத்திருக்கிறதா, சதையை அமுக்கினால் பள்ளம் அப்படியே நிற்கிறதா என்று பார்ப்போம். பாட்டிகள் சொல்லிக்கொடுத்த சோதனைதான், ஆனால் வெறும் நம்பிக்கை இல்லை. மீன் செத்த பிறகு செவுளின் ரத்தத்திலுள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து சிவப்பு பழுப்பாகிறது. தசையிலுள்ள நொதிகள் சதையைத் தளர்த்துகின்றன. கடல்மீனின் உடம்பில் ட்ரைமெத்திலமைன் ஆக்சைடு என்றொரு பொருள் உண்டு. அதற்கு வாடை கிடையாது. பாக்டீரியா அதை ட்ரைமெத்திலமைனாக மாற்றும்போதுதான் மூக்கைப் பொத்த வைக்கும் அந்த நாற்றம் வருகிறது.

அப்புறம் ஒரு கேள்வி கேட்போம்: "ஐஸ் மீனா?" ஆமாம் என்றால் நகர்ந்துவிடுவோம். ஐஸ் வைத்தது என்றால் பழையது என்பது நம் கணக்கு. பிடித்து எத்தனை நாளானது என்பதை ஐஸ் மறைக்கத்தான் செய்யும், அந்தச் சந்தேகம் நியாயமே. ஆனால் பாக்டீரியா நாட்காட்டியைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைத்தான் பார்க்கிறது. பிடித்தவுடன் ஐஸில் புதைத்து 0 டிகிரியை ஒட்டி வைத்த மீன் பல நாள் தாங்கும். 30 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நடைபாதையில், தண்ணீர் மட்டும் தெளித்து வைத்த மீனுக்குச் சில மணி நேரமே அதிகம். நாம் ஐஸை வெறுப்பது விற்பவருக்கும் தெரியும். அதனால் சிலர் பலகையில் ஐஸ் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள்!

சூரை, மத்தி, கானாங்கெளுத்தி விஷயத்தில் இப்படி ஐஸைத் தவிர்ப்பது விபரீதமாகலாம். இவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய. சூடு பட்டுக் கிடந்தால் சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக, அதாவது ஒவ்வாமையின்போது நம் உடம்பே சுரக்கும் பொருளாக, மாற்றிவிடும். நாற்றம் கிளம்பாமலே, செவுள் பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே, அது சேர்ந்துவிடக்கூடும். கொதிக்கும் குழம்பிலும் ஹிஸ்டமின் அழியாது. பிறகு ஐஸில் போட்டாலும், உருவானது உருவானதுதான்.

சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளேயே முகம் சிவக்கும், தலை வலிக்கும், அரிப்பெடுக்கும். பார்ப்பதற்கு ஒவ்வாமை மாதிரியே இருக்கும். வீட்டில் என்ன சொல்வோம்? "இவனுக்கு மீன் ஒத்துக்கல. செவுளெல்லாம் பார்த்துதானே வாங்கினேன்."