குளிர்ப்பொறி: ‘ஃப்ரீஸ் பிராண்ட்’ என்பதற்கு ஏற்ற தமிழ்

‘பிராண்ட்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் தீ, எரிகொள்ளி. காய்ச்சிய இரும்பால் விலங்கின் தோலில் இட்ட உடைமைக்குறிக்கும் பிறகு அதுவே பெயரானது. கடைப்பொருளின் ‘பிராண்ட்’ வந்ததும் அந்தக் குறியிலிருந்துதான். குதிரைகளுக்கு இன்று பரவலாக இடும் ‘ஃப்ரீஸ் பிராண்ட்’ குறியிலோ தீயே இல்லை; கடுங்குளிரூட்டிய உலோக அச்சால் இடுவது அது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கீத் ஃபாரல் என்ற கால்நடை மருத்துவர் 1966இல் உருவாக்கிய முறை இது.

தமிழில் இதை ‘குளிர்ச் சூடு’ என்று எழுதினால் சொல்லிலேயே முரண். ‘நரைக்குறி’ என்பது பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அதுவும் பாதிதான் சரி. ஏன் என்பது செய்முறையைப் பார்த்தால் விளங்கும்.

கழுத்தில் பிடரி மயிருக்குக் கீழே ஓரிடத்தைத் தோல் தெரியும் அளவுக்கு மழிக்க வேண்டும். மிஞ்சிய மயிர் குளிரைத் தடுத்துவிடும். பிறகு செறிவான ஆல்கஹாலால் நனைக்க வேண்டும். தண்ணீர் கூடாது, அது அங்கேயே உறைந்துவிடும். செம்பு அல்லது பித்தளை அச்சைத் திரவ நைட்ரஜனில் (−196 டிகிரி செல்சியஸ்) அமிழ்த்தினால் கொதிப்பதுபோல் நுரைக்கும். நுரை அடங்கினால்தான் அச்சு முழுதும் குளிர்ந்துவிட்டது என்று பொருள். அடங்குமுன் எடுத்தால் குறி திட்டுத்திட்டாக விழும்.

கறுப்பு, பழுப்புக் குதிரைக்கு ஏறத்தாழ 8 முதல் 12 விநாடி, அழுத்தம் மாறாமல் பிடிக்க வேண்டும். குளிரில் மயிருக்கு நிறம் தரும் செல்கள் சாகும், மயிர்க்கால் பிழைக்கும். அச்சை எடுத்ததும் அதன் வடிவில் தோல் குழிந்து விறைத்திருக்கும்; சில நிமிடத்தில் அதே வடிவில் வீங்கும். சில வாரங்களில் பொருக்கு உதிர்ந்து வெள்ளை மயிர் முளைக்கும். நேரம் குறைந்தால் பழைய நிறமே ஊடே கலந்து வரும். மிஞ்சினால் மயிர்க்காலும் செத்து வழுக்கையாகும். குதிரை அசைந்தால் கோடு இரட்டிக்கும், அதற்குத் திருத்தமே கிடையாது.

வெள்ளைக் குதிரையில் வெள்ளை மயிர் எடுபடாது என்பதால், அந்த வழுக்கையையே வேண்டி அச்சைக் கூடுதலாகச் சில விநாடி வைப்பார்கள். அங்கே நரை ஏது? ‘நரைக்குறி’ இங்கேதான் பொருந்தாமல் போகிறது.

‘பொறி’ பொருந்துகிறது. தீப்பொறியும் பொறி, இலச்சினையும் பொறி. சேரன் இமயத்தில் வில் பொறித்ததைச் சங்கப் பாடல் சொல்கிறது. கல்லில் எழுத்தைப் பொறிக்கிறோம், காசில் உருவத்தைப் பொறிக்கிறோம். நெருப்பில்லாத குறிக்கும் அந்தச் சொல் என்றோ பழகிவிட்டது. ஆகவே காய்ச்சி இடுவது சூட்டுப்பொறி, குளிர்வித்து இடுவது குளிர்ப்பொறி. குதிரையின் உதட்டு உட்புறத்தில் மையால் இடுவதற்குப் பச்சை குத்துதல் என்ற சொல்லே போதும்.

குளிர்ப்பொறியில் ஃபாரல் வகுத்த கோணக் குறியீடும் உண்டு. எண்களுக்குப் பதில் செங்கோண வடிவங்களும் இணைகோடுகளும் வரும். 3ஐ 8 ஆக்குவதுபோல் ஒரு கோடு சேர்த்துத் திருட்டுக் குதிரையின் எண்ணை மாற்றுவது இதில் கடினம். அமெரிக்க அரசு பிடிக்கும் காட்டுக் குதிரைகளின் இடப்பக்கக் கழுத்தில் இடுவது இதுவே.

கழுத்துத் தசைநாரில் ஊசியால் செலுத்தும் மைக்ரோசிப்பைப் பொறி என்று சொல்லக்கூடாது. அதன் 15 இலக்க எண் பதிவேட்டின் வழியே உரிமையாளரைக் காட்டும், ஆனால் எண்ணைப் படிக்க வருடி (ஸ்கேனர்) இருந்தால்தான். இருட்டில் லாயத்துக்குள் நுழைகிறவன் கண்ணுக்கு அது படாது. கைவிளக்கில் வெளுத்துத் தெரியும் குளிர்ப்பொறி படும்.